‘ரெடி’ என்று காட்டும், அச்சு வராது: ஒரு பழைய லேசர் பிரிண்டரின் நிகழ்வு ஆய்வு

மதுரையில் உள்ள ஒரு ஆடிட்டர் அலுவலகத்தின் பிரிண்டர் பற்றியது இந்தக் குறிப்பு. கறுப்பு-வெள்ளை லேசர் இயந்திரம். வாங்கிப் பத்து ஆண்டுக்கு மேலாகிறது, உள் கணக்கு நான்கு லட்சம் பக்கங்களைத் தாண்டியிருக்கிறது. யூஎஸ்பி வழியாக ஒரு கணினியோடு மட்டும் இணைந்திருக்கும் சிறிய ரகம் அல்ல. நெட்வொர்க் கேபிள் மாட்டி, அலுவலகத்தின் எல்லாக் கணினிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் ரகம். வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30. அதற்கு முந்தைய வாரங்களில் இந்த ஒரு இயந்திரம் நின்றால் அலுவலகமே நிற்கும். புகார் வந்ததும் அந்த நேரத்தில்தான்.

புகார் இதுதான்: காலையில் நன்றாக ஓடுகிறது. மதியத்துக்கு மேல் திடீரென்று எந்தக் கட்டளைக்கும் அசைவதில்லை. கணினித் திரையில் ‘ஆஃப்லைன்’ என்று வருகிறது. பிரிண்டரின் சிறிய திரையிலோ ‘ரெடி’ என்றே இருக்கிறது. ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஓடும், அப்புறம் மறுபடி அதே கதை. சில நாள் பிரச்சினையே வராது.

எனக்கு முன்னால் இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். ஒருவர், உள்ளே இருக்கும் ஃபார்மேட்டர் போர்டு (கணினி அனுப்புவதை அச்சுப் பக்கமாக மாற்றும் மின்பலகை) போய்விட்டது, இனி இதற்குச் செலவு செய்யாதீர்கள் என்று புதுப் பிரிண்டருக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இன்னொருவர், விண்டோஸ் அப்டேட்தான் காரணம், அப்டேட்களை நீக்கிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். இரண்டுமே காற்றில் வந்த யோசனைகள் அல்ல. பழைய லேசர் பிரிண்டர்களில் ஃபார்மேட்டர் போர்டின் சால்டர் இணைப்புகளில் விரிசல் விட்டு, சூடானதும் இயந்திரம் உறைந்துபோவது உண்மையாகவே நடக்கும். 2021 ஜூலையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்று பெயர் பெற்ற, விண்டோஸின் அச்சுப் பகுதியில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தங்களை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு, ஒரு கணினியிலிருந்து பகிரப்பட்ட பிரிண்டர்கள் பல இடங்களில் 11பி என்று முடியும் பிழை எண்ணோடு நின்றுபோனதும் உண்மை. ஆக, இரண்டு பேரும் வேறு எங்கோ நடந்ததை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். இந்த இயந்திரத்தில் அதுதான் நடக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை.

அப்டேட்டை நீக்கும் யோசனையை நான் உடனே மறுத்தேன். நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் வருமான விவரம், பான் எண், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும் கணினிகள் அவை. அச்சு வருவதற்காக அந்தக் கதவைத் திறந்து வைக்கக் கூடாது. தவிர, 11பி பிழை பகிர்வு வழியாக அச்சிடுகிறவர்களுக்கு வருவது. இங்கே எல்லாக் கணினிகளும் நேரடியாகப் பிரிண்டரோடு பேசுகின்றன.

ரீஸ்டார்ட் செய்யாமல் பார்ப்பது

இந்த மாதிரிப் புகாரில் மிகப் பெரிய தடை ரீஸ்டார்ட்தான். ஆஃப் செய்து ஆன் செய்யும்போது ஒரே அடியில் பல விஷயங்கள் புதிதாகின்றன. நினைவகத்தில் சிக்கிக் கிடந்த கோப்பு போய்விடும். உறக்க நிலை கலையும். நெட்வொர்க் இணைப்பு அறுந்து மறுபடி சேரும். பிரிண்டர் தன் முகவரியை எல்லோருக்கும் புதிதாக அறிவிக்கும். இவற்றில் எது குணமாக்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. தடயம் அழிந்த பிறகு வருகிறவருக்கு நன்றாக ஓடும் இயந்திரம்தான் கண்ணில் படும்.

அதனால் அலுவலகத்தில் எல்லோரிடமும் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: அடுத்த முறை நின்றால் ஸ்விட்ச்சைத் தொடாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள். கெடு நெருங்கும் நேரத்தில் இதைக் கேட்பது சுலபம் இல்லை. ஆடிட்டர் சார் கொஞ்சம் யோசித்தார், “அவசரத்துக்குக் கீழே ஜெராக்ஸ் கடை இருக்கு, பாத்துக்கலாம்” என்று ஒத்துக்கொண்டார்.

அங்கே நெடுநாளாக வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்த முக்கியமான தகவல் வந்தது. “எல்லாருக்கும் ஒண்ணா நிக்காது தம்பி. சில நேரம் என் சிஸ்டத்துல இருந்து வரும், பக்கத்து டேபிள்ல வராது. இன்னொரு நாள் மாறி இருக்கும். நான் என் சிஸ்டத்துல இருந்து எடுத்துக் குடுத்துடுவேன்.”

இதை ஏன் முன்பு வந்தவர்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றார்.

இந்த ஒரு வாக்கியம் போர்டு பழுது என்ற சந்தேகத்தைப் பெருமளவு தள்ளிவிடுகிறது. போர்டு உறைந்தால் எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில் உறையும். ஒருவருக்குப் பதில் சொல்லி, பக்கத்து மேசைக்கு மட்டும் மௌனமாக இருக்கும் போர்டு கிடையாது. பிரச்சினை பிரிண்டருக்கும் கணினிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

மதியம் மூன்று மணி வாக்கில் நின்றது. போனேன். பிரிண்டர் திரையில் ‘ரெடி’. பட்டன்களை அழுத்தினால் மெனு தடையில்லாமல் நகர்கிறது. மெனுவிலிருந்தே கான்ஃபிகரேஷன் பக்கத்தை, அதாவது பிரிண்டர் தன் அமைப்பு விவரங்களைத் தானே போட்டுக் காட்டும் தாளை, அச்சிடச் சொன்னேன். சில நொடிகளில் தெளிவாக வெளியே வந்தது.

இந்தப் பக்கத்தை அச்சிட்டுப் பார்க்காமல் எந்த லேசர் பிரிண்டரையும் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கணினியின் உதவி இல்லாமல் இது வருகிறது என்றால், லேசர், டிரம், டோனர், தாளை இழுக்கும் உருளை, டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃப்யூசர், இவை அத்தனையும் வேலை செய்கின்றன என்று பொருள். பக்கத்தை உருவாக்கி அனுப்பும் ஃபார்மேட்டர் போர்டும் உயிரோடு இருக்கிறது. பாதி இயந்திரம் ஒரே தாளில் சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடுகிறது. அதே தாளில் அடுத்த கட்டத்துக்குத் தேவையானவையும் இருக்கின்றன: ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கருவியைக் கண்டுபிடிக்க உதவும் எண்), அது கையால் வைத்ததா தானாகப் பெற்றதா, கேபிள் இணைப்பின் வேகம், அப்புறம் மேக் முகவரி (அந்தக் கருவியின் நெட்வொர்க் பகுதிக்கே உரிய அடையாள எண்). சில இயந்திரங்களில் மேக் முகவரியை ‘ஹார்ட்வேர் அட்ரஸ்’ என்று போட்டிருக்கும். இந்தத் தாளை நான் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டேன். பிறகு அதுதான் சாட்சியாக நின்றது.

பதில் வருகிறது, ஆனால் யாரிடமிருந்து?

தாளின்படி பிரிண்டரின் முகவரி 192.168.1.100. கையால் வைத்த நிலையான முகவரி. அச்சு வராத கணினியில் உட்கார்ந்து அந்த முகவரிக்குப் பிங் கொடுத்தேன், அதாவது ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சிறிய அழைப்பை அனுப்பினேன். பதில் வந்தது. நான்கு முறை கேட்டால் நான்கு முறையும் பதில்.

இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். பிங் வந்துவிட்டது, ஆகவே நெட்வொர்க் சரி, ஆகவே டிரைவரை (பிரிண்டரோடு பேசக் கணினியில் இருக்கும் மென்பொருள்) கழற்றி மறுபடி போடலாம் என்று போய்விடுகிறார்கள். பிங் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த முகவரியில் ஏதோ ஒரு கருவி இருக்கிறது. அது பிரிண்டர்தானா என்று பிங் சொல்லாது.

அடுத்து விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையை 9100 என்ற போர்ட் எண்ணோடு கொடுத்தேன். நெட்வொர்க் பிரிண்டர்கள் பெரும்பாலானவை அச்சு வேலையை வாங்கிக்கொள்ளும் வாசல் அந்த 9100. தோல்வி என்று வந்தது. ‘ரெடி’ நிலையில் சும்மா நிற்கும் பிரிண்டர் ஒன்று, பிங்குக்குப் பதில் சொல்லிவிட்டு 9100-ஐ மூடி வைத்திருக்கக் காரணமில்லை. பிரவுசரில் அந்த முகவரியை அடித்தால் பிரிண்டரின் அமைப்புப் பக்கம் திறக்க வேண்டும். அதுவும் திறக்கவில்லை.

கட்டளைத் திரையில் ஏஆர்பி பட்டியலை எடுத்தேன். ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் எதிரே, அது எந்த மேக் முகவரிக்குச் சொந்தம் என்று இந்தக் கணினி நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை அந்தப் பட்டியல் காட்டும். பிரிண்டரின் 192.168.1.100-க்கு (இனிச் சுருக்கமாக 100) எதிரே இருந்த மேக் முகவரியும், என் பையில் இருந்த தாளில் உள்ள மேக் முகவரியும் ஒன்றல்ல. ஒரு இலக்கம்கூடப் பொருந்தவில்லை.

அக்காவின் கணினியில் அதே பட்டியலை எடுத்தால் 100-க்கு எதிரே பிரிண்டரின் உண்மையான மேக். அங்கிருந்து அச்சு வருகிறது.

உறுதிப்படுத்த இன்னொரு சோதனை செய்தேன். எந்தக் கட்டளையும் ஆழமாகத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். பிரிண்டரின் பின்பக்கம் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டேன். கழற்றிய பிறகு, அச்சு வராத கணினியிலிருந்து பிரிண்டரின் முகவரிக்கே மறுபடி பிங். பதில் வந்துகொண்டே இருந்தது. கேபிள் என் கையில் இருக்கிறது, பிரிண்டர் பதில் சொல்கிறது என்றால், சொல்வது பிரிண்டர் அல்ல.

ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருப்பது போன்ற நிலைமை இது. எந்தத் தபால்காரர் எந்த வீட்டைக் கடைசியாகப் பார்த்தாரோ அந்த வீட்டுக்குக் கடிதம் போகும்.

அந்த இன்னொரு வீடு எது? அந்நிய மேக் முகவரியின் முதல் ஆறு இலக்கங்களை வைத்து எந்த நிறுவனத்தின் கருவி என்று வழக்கமாகக் கண்டுபிடிக்கலாம். இங்கே முடியவில்லை. ஆனால் முடியாமல் போனதே ஒரு தடயம். மேக் முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ என்ற நான்கில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் பதித்தது அல்ல, கருவியே தனக்கு வைத்துக்கொண்டது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், அந்தரங்கத்தைக் காப்பதற்காகக் கைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தற்செயல் மேக் முகவரியை உருவாக்கிக்கொள்கின்றன. எனவே, கைபேசி. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தால் பெயரோடு இருந்தது. ஆர்ட்டிகிள்ஷிப்பில் (சிஏ படிப்பின் அலுவலகப் பயிற்சி) இருக்கும் ஒரு தம்பியின் போன்.

அந்தத் தம்பி பயந்துபோய்விட்டான். அவன்மேல் ஒரு தவறும் இல்லை, போன்மேலும் இல்லை என்று அங்கேயே எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். வைஃபையில் சேர்ந்த கருவிக்கு ரவுட்டர் ஒரு முகவரியைக் கொடுத்தது, போன் வாங்கிக்கொண்டது. கொடுக்கக் கூடாத முகவரியைக் கொடுத்தது ரவுட்டர்.

ஏன் இவ்வளவு ஆண்டு வராமல் இப்போது வந்தது

சில மாதங்களுக்கு முன் அலுவலகத்தில் இணைய இணைப்பை ஃபைபருக்கு மாற்றியிருந்தார்கள். அப்போது பழைய ரவுட்டரை எடுத்துவிட்டு, இணைய நிறுவனம் கொடுத்த புதியதை மாட்டியிருந்தார்கள். பழைய ரவுட்டர் ஒரு அலமாரியில் கிடந்தது. அதை எடுத்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். அதில் தானாகக் கொடுக்கும் முகவரிகளின் எல்லை 2 முதல் 99 வரை. பிரிண்டரை முதலில் அமைத்தவர் விவரம் தெரிந்தவர். அந்த எல்லைக்கு வெளியே, 100-இல் கொண்டு வைத்திருக்கிறார். புதிய ரவுட்டரின் எல்லை 2 முதல் 254 வரை. 100 அதற்குள் வந்துவிட்டது. அந்த ஏற்பாடு எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை, ரவுட்டரோடு சேர்ந்து அலமாரிக்குப் போய்விட்டது.

சரி, ரவுட்டர் ஒரு முகவரியைக் கொடுப்பதற்கு முன் அது காலியா என்று பார்க்காதா? பல ரவுட்டர்கள் பார்க்கும். அந்த முகவரியை ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்து, ஓரிரு நொடிக்குள் பதில் இல்லையென்றால் காலி என்று முடிவு செய்யும். பிரிண்டரின் வயது இங்கேதான் கதைக்குள் வருகிறது. இந்த இயந்திரம் சும்மா இருந்தால் சிறிது நேரத்தில் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும். உறங்கும் நேரத்தில் பிங் கொடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு அழைப்புக்குப் பதிலே இல்லை, அதற்கப்புறம்தான் எழுந்து பதில் சொல்கிறது. அதற்குள் ரவுட்டர் முகவரியைப் போனுக்குக் கொடுத்துவிடும்.

மதியத்துக்கு மேல் ஏன் என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் யாரும் அச்சிடுவதில்லை, பிரிண்டர் உறங்குகிறது. வெளியே சாப்பிடப் போனவர்கள் திரும்பி வரும்போது போன்கள் வைஃபையில் மறுபடி சேர்கின்றன. சேரும் போன் ‘100 நான்தான்’ என்று அறிவிக்கிறது, கணினிகள் அதைக் குறித்துக்கொள்கின்றன. பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால், அது எழுந்தவுடன் ‘100 நான்தான்’ என்று தன் பங்குக்கு அறிவிக்கிறது. கணினிகள் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. ரீஸ்டார்ட் குணமாக்கியது இந்த வழியில்தான். சிறிது நேரத்தில் அந்தக் குறிப்பு காலாவதியாகி, கணினி மறுபடி ‘யார் 100?’ என்று கேட்கும். இரண்டு பேருமே கை தூக்குவார்கள். எந்தப் பதிலைக் கணினி பிடித்துக்கொண்டதோ அதைப் பொறுத்து அந்தக் கணினியில் அச்சு வரும், அல்லது வராது. பக்கத்துப் பக்கத்து மேசையில் வேறு வேறு நிலைமை இருந்ததற்குக் காரணம் அது.

பிரச்சினை வராத நாட்கள்? வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். அந்தத் தம்பி ஸ்டாக் சரிபார்க்கவும் வங்கித் தணிக்கைக்கும் வெளியே போயிருந்த நாட்கள் அவை. பெரும்பாலான ரவுட்டர்கள் ஒரே கருவிக்கு முன்பு கொடுத்த முகவரியையே திரும்பக் கொடுக்கும் என்பதால் 100 எப்போதும் அவன் போனுக்கே போய்க்கொண்டிருந்தது.

மாற்றியது

ரவுட்டரில் தானாகக் கொடுக்கும் எல்லையை 101 முதல் 200 வரை என்று சுருக்கினேன். பிரிண்டரை 192.168.1.20-க்கு நகர்த்தினேன். எல்லையைச் சுருக்கினாலே போதுமே, பிரிண்டரை ஏன் நகர்த்த வேண்டும் என்று ஆடிட்டர் சார் கேட்டார். போன்கள் ஏற்கெனவே வாங்கிய முகவரியைக் குத்தகைக் காலம் முடியும்வரை வைத்திருக்கும். கெடு நேரத்தில் அதுவரை காத்திருக்க முடியாது. தவிர, பிரிண்டர், கேமரா ரெக்கார்டர், கைரேகை வருகைப் பதிவுக் கருவி போன்ற ஓரிடத்தில் நிற்கும் கருவிகளையெல்லாம் சிறிய எண்களில் ஒரு பக்கமாக வைத்துவிட்டால் பின்னால் வருகிறவருக்கும் புரியும்.

பிரிண்டரின் மேக் முகவரிக்கு ரவுட்டரிலேயே ஒரு எண்ணை ஒதுக்கி வைக்கும் வழியும் உண்டு. பலர் அதைத்தான் சிபாரிசு செய்வார்கள், தவறில்லை. ஆனால் அந்த ஒதுக்கீடு ரவுட்டருக்குள் இருக்கிறது. இணைய நிறுவனம் மாறினால் ரவுட்டர் மாறும், ஒதுக்கீடும் போய்விடும். இந்த அலுவலகத்தில் நடந்ததே அப்படிப்பட்ட ஒரு மாற்றம்தான். அதனால் பிரிண்டரிலேயே நிலையான முகவரி, ரவுட்டரில் சுருக்கிய எல்லை, அப்புறம் பிரிண்டரின் பக்கவாட்டில் கண்ணில் படும்படி ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் ஐபி முகவரி, மேக் முகவரி, ‘ரவுட்டர் மாற்றினால் தானாகக் கொடுக்கும் எல்லையில் 20 வரக்கூடாது’ என்ற ஒரு வரி. மூன்றில் அந்த ஸ்டிக்கரைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேபிள் இணைப்பையும் ஒரு பார்வை பார்த்தேன். 100 மெகாபிட், முழு இருவழி என்று தாளில் இருந்தது. அதில் குறை இல்லை.

மீதி இரண்டு தொந்தரவுகள்

முகவரிச் சண்டை தீர்ந்தும் இரண்டு கணினிகளில் ‘ஆஃப்லைன்’ போகவில்லை. இரண்டும் சமீபத்தில் வாங்கியவை. விண்டோஸ் தானாகவே பிரிண்டரைக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டிருந்தது. அப்படிச் சேர்க்கும்போது பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி என்ற வகைப் போர்ட்டைப் போட்டுவிடும். அந்த முறையில் கணினியும் பிரிண்டரும் ஒன்றையொன்று அறிவிப்புகள் மூலம் தேடிக்கொள்ள வேண்டும். உறங்கி உறங்கி எழும் பழைய இயந்திரத்தோடு இது ஒத்துப்போவதில்லை. பிரிண்டரின் பண்புகளில் போர்ட்ஸ் பகுதிக்குப் போய், ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் ஒன்றைப் புதிதாகச் சேர்த்து, புதிய முகவரியையும் 9100-ஐயும் கொடுத்தேன். பழைய கணினிகளிலும் அதே இடத்தில் முகவரியை மாற்றினேன்.

அங்கே இன்னொரு டிக் குறி இருக்கும்: எஸ்என்எம்பி நிலை. விண்டோஸ் அந்த வழியாகப் பிரிண்டரின் நலம் விசாரிக்கும். சரியான பதில் வரவில்லையென்றால், பிரிண்டர் வேலைக்குத் தயாராக இருந்தாலும் ‘ஆஃப்லைன்’ என்று எழுதிவிடும், கியூவில் (அச்சுக்குக் காத்திருக்கும் வரிசையில்) உள்ளதை அனுப்பாது. பழைய பிரிண்டர்களில் நான் அந்தக் குறியை எடுத்துவிடுவேன். தாள் தீர்ந்தது, மூடி திறந்திருக்கிறது போன்ற செய்திகள் அப்புறம் கணினித் திரையில் சரியாக வராது என்பது அதற்கான விலை. பிரிண்டர் பத்தடி தூரத்தில் இருக்கும் அலுவலகத்தில் அது பெரிய இழப்பு இல்லை.

இரண்டாவது தொந்தரவு வேறு ரகம். எப்போதாவது உண்மையாகவே எல்லோருக்கும் ஒன்றாக நிற்கும். பிரிண்டரின் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருக்கும். இது ஸ்கேன் செய்த பெரிய பிடிஎஃப்களில் மட்டும் வந்தது, குறிப்பாக வாடிக்கையாளர்கள் போனில் ஸ்கேன் செய்து அனுப்பும் வங்கி அறிக்கைகள். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) வெறும் கறுப்பு-வெள்ளைப் புள்ளிகளாக வைத்தால் ஏறக்குறைய 4.3 எம்பி. அதே பக்கம் வண்ணப் படமாக 300 டிபிஐயில் இருந்தால், சுருக்கம் பிரிந்த நிலையில் சுமார் 26 எம்பி. இந்தப் பிரிண்டரின் மொத்த நினைவகம் 64 எம்பி. இரண்டு மூன்று பக்கத்தைப் பிரித்து வைப்பதற்குள் மூச்சு முட்டுகிறது. அந்தக் கணினிகளில் போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் இருந்தது. பக்கத்தைக் கட்டும் வேலையில் பெரும் பகுதியை அது பிரிண்டரிடமே விட்டுவிடும். அதை பிசிஎல் 6 என்ற வேறு வகை டிரைவருக்கு மாற்றினேன். அப்படியும் முரண்டு பிடிக்கும் கோப்புகளை, அச்சிடும் பெட்டியின் அட்வான்ஸ்டு பகுதியில் உள்ள ‘படமாக அச்சிடு’ என்ற வசதியைப் போட்டு அனுப்பச் சொல்லிக் கொடுத்தேன். கணினி கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், பிரிண்டர் திணறாது.

இதோடு சேர்ந்த ஒரு பழக்கத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. லேப்டாப்பில் பிரிண்ட் கொடுத்துவிட்டு உடனே மூடியை மூடிக்கொண்டு ஆடிட்டர் சார் அறைக்கு ஓடுவார்கள். பழைய நெட்வொர்க் கார்டுகள் பலவும் ஒரு நேரத்தில் ஒரே ஒருவரிடமிருந்துதான் அச்சு வேலையை வாங்கும். பாதியில் மௌனமான லேப்டாப்புக்காகப் பிரிண்டர் காத்திருக்கும், மற்றவர்கள் எல்லோரும் பிரிண்டருக்காகக் காத்திருப்பார்கள். எச்பியின் ஜெட்டைரக்ட் கார்டுகளில் இந்தக் காத்திருப்பு இயல்பாகவே 270 நொடி. நாலரை நிமிடம் என்பது, கையெழுத்துக்காக வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மிக நீண்ட நேரம். இந்த அளவை 60 நொடியாகக் குறைத்தேன். கணினியின் கியூவில் கோப்பு சிக்கினால் செய்ய வேண்டியதையும் அக்காவுக்குக் காட்டினேன்: சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை (அச்சு வரிசையை நடத்தும் விண்டோஸ் சேவை) நிறுத்து, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று போய் உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் அழி, ஸ்பூலரை மறுபடி தொடங்கு. கோப்புறையையே அழித்துவிடக் கூடாது. அவர் இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மின்சாரமும் உறக்கமும்

பிரிண்டர் யூபிஎஸ்ஸில் மாட்டியிருந்தது. அதை நேராகச் சுவர் பிளக்குக்கு மாற்றினேன், எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. லேசர் பிரிண்டரின் ஃப்யூசர் 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக வேண்டும். அதற்காக ஒரே இழுப்பில் பல நூறு வாட் எடுக்கும். கணினிகளுக்கென்று வாங்கிய சிறிய யூபிஎஸ் அந்த இழுப்பைத் தாங்காது. முதல் பக்கம் வரும்போதெல்லாம் அது ‘பீப்’ என்று கத்துவதை அங்கே எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். தயாரிப்பு நிறுவனங்களே லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள் என்றுதான் சொல்கின்றன. மின்சாரம் போனால் அச்சு நிற்கட்டும், கணினியில் உள்ள வேலை பத்திரமாக இருந்தால் போதும். இந்தப் புகாருக்கு இது காரணம் அல்ல, ஆனால் அப்படியே விட்டால் அடுத்த புகார் இங்கிருந்துதான் வந்திருக்கும்.

உறக்க நேரத்தை ஒரு மணி நேரமாக நீட்டினேன். முழுக்க நிறுத்தவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து மின்சாரம் தின்ன வேண்டிய தேவை இல்லை. முகவரி இப்போது பத்திரமாக இருப்பதால், எழுந்திருக்க இரண்டு மூன்று நொடி ஆனாலும் யாரும் அதன் இடத்தைப் பிடிக்கப் போவதில்லை.

வைத்துக்கொள்ளலாமா?

ஆடிட்டர் சார் கடைசியில் கேட்டது இதைத்தான். கொட்டேஷன் மேசையிலேயே இருந்தது.

வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நான்கு லட்சம் பக்கம் ஓடிய இயந்திரத்தில் தேய்வது எல்லாம் மாற்றக்கூடிய பாகங்கள்: ஃப்யூசர், தாள் இழுக்கும் ரப்பர் உருளை, டிரம்மோடு வரும் கார்ட்ரிஜ். இவை இன்னும் கிடைக்கின்றன. அச்சின் தரத்தில் குறை இல்லை, ஒரு பக்கத்துக்கு ஆகும் செலவும் குறைவு. இந்த அளவு கனமான உடல், உலோகச் சட்டம், பெரிய தட்டு கொண்ட இயந்திரத்துக்குச் சமமாக இன்று வாங்க வேண்டுமென்றால் கொட்டேஷனில் இருந்ததைவிட மேல்ரக மாடலுக்குப் போக வேண்டும். ரவுட்டர் அமைப்பில் இருந்த ஒரு வரிக்காக இதைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்திருக்கும். இப்படி நல்ல நிலையில் உள்ள இயந்திரங்கள் போர்டு போச்சு என்ற ஒற்றை வார்த்தையில் கடைகளுக்குப் பின்னால் குவிந்து கிடப்பதைப் பார்க்கிறேன். சொன்னவர் கான்ஃபிகரேஷன் பக்கம் ஒன்றை அச்சிட்டுப் பார்த்தாரா என்று வாங்கியவர் கேட்கலாம். கேட்க வேண்டும்.

ஒரு எல்லையையும் சொன்னேன். மற்ற நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. புதிய கணினி வாங்கும்போது டிரைவர் தானாக வந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் இப்போது ஓடும் பிசிஎல் 6 டிரைவரின் நிறுவல் கோப்பை அலுவலகத்தின் பொதுக் கோப்புறையில் ஒரு பிரதி வைத்தேன். பிரிண்டரின் அமைப்புப் பக்கத்துக்குக் கடவுச்சொல்லே இல்லாமல் இருந்தது, அதற்கும் ஒன்று வைத்தாயிற்று. இவ்வளவு பழைய இயந்திரத்துக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரப்போவதில்லை. ஆகவே அது அலுவலகத்துக்குள் மட்டும் இருக்கட்டும், வெளியிலிருந்து அணுகும்படி ரவுட்டரில் எந்த வழியும் திறக்க வேண்டாம் என்று அந்த ஸ்டிக்கரிலேயே இரண்டாவது வரியாகச் சேர்த்தேன்.

அந்த செப்டம்பர் கெடு முடியும்வரை தினமும் மாலையில் அக்காவிடம் போனில் கேட்டுக்கொண்டேன். ‘ஆஃப்லைன்’ வரவில்லை. ஆர்ட்டிகிள் தம்பி முழு நாளும் அலுவலகத்தில் இருந்த நாட்களைத் தனியாகக் கேட்டேன், அப்போதும் வரவில்லை. இப்போது மீதமிருப்பது இரண்டாம் தட்டின் ரப்பர் உருளை. பளபளவென்று வழவழத்துப்போய், சில நேரம் இரண்டு தாளைச் சேர்த்து இழுக்கிறது. ஈரத் துணியால் துடைத்ததில் கொஞ்சம் சரியாகியிருக்கிறது. புது உருளைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், அது வரும்வரை முதல் தட்டிலேயே தாள் போட்டு ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.